தாங்குவதற்கு நாங்கள் தூணா?

போன வருஷம் எங்க சின்னம்மாவோடு ஒரு வகுப்புக்குப் போனேன். ஒப்பந்தக் கூலியாகத் தெருக் கூட்டுகிறவள் அவள். அவளோடு வேலை பார்க்கிற நாற்பது ஐம்பது பேரை ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்திருந்தார்கள். மேடையில் பேனர் கட்டியிருந்தது. சவாலான காலங்களில் பணியிடத்தில் மன உறுதியை வளர்த்துக்கொள்வது எப்படி என்பது தலைப்பு. பயிற்சி கொடுக்க வந்தவர் நல்ல மனுஷன்தான். சிரித்த முகம். எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னார். மூச்சை ஆழமா உள்ள இழுங்க, மெதுவா வெளிய விடுங்க, கவலையெல்லாம் அதோட போறதா நெனைச்சுக்குங்க என்றார்.

சின்னம்மா கண்ணைத் திறந்தாள். "சார், மூச்ச இங்க மட்டும் இழுக்கணுமா, குப்ப வண்டி பின்னாடி நிக்கும்போதும் இழுக்கணுமா?"

மண்டபமே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "கையுறை கிழிஞ்சி ரெண்டு மாசமாச்சி சார். மொதல்ல அதக் குடுக்கச் சொல்லுங்க. மனசு தானா உறுதியாயிடும்."

அதற்கு அவர் சொன்ன பதில்: "அம்மா, இதுதான் எதிர்மறை எண்ணம். வெளிய இருக்கறத நம்மால மாத்த முடியாது. நமக்குள்ள இருக்கறதத்தான் மாத்த முடியும்."

அந்தப் பதிலுக்கு மறுப்பாகத்தான் இதை எழுதுகிறேன்.

வெளியே இருப்பதை மாற்ற முடியாது என்பது புதுச் சரக்கு இல்லை. நம்ம பாட்டன் பூட்டனிடம் அதைத் தலைவிதி என்றார்கள். போன ஜென்மத்துப் பாவம் என்றார்கள். ஆண்டை அடித்தால் பொறுத்துக்கோ, அடுத்த ஜென்மத்தில் நல்லா இருப்பே என்றார்கள். இப்போது கோட்டு போட்டுக்கொண்டு வந்து 'மீள்திறன்' என்கிறார்கள். அன்றைக்குக் கோயில் வாசலில் சொன்னதை இன்றைக்கு மைக்கில் சொல்கிறார்கள். பாரம் அதே தலையில்தான் இருக்கிறது.

அந்தச் சொல்லையே எடுத்துப் பார்ப்போம். ஒரு கம்பியை வளைத்துவிட்டால் மறுபடி பழைய வடிவத்துக்கு நிமிர்ந்துகொள்கிறதே, அந்தக் குணத்துக்குப் பொறியியல்காரர்கள் வைத்திருந்த பெயர். அதை எடுத்து மனுஷனுக்கு வைத்தார்கள். அடி விழுந்தும் பழைய நிலைக்கு மீண்டு வருகிறவன் உறுதியானவன் என்றார்கள். நல்லது. எங்களுக்குப் பழைய நிலை எது? ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிற உத்தியோகஸ்தனுக்குக் கஷ்ட காலம் என்பது நடுவில் வருவது. அதற்கு முன்னால் அவனுக்கு ஒரு நல்ல காலம் இருந்தது, அங்கே அவன் திரும்பிப் போகலாம். பண்ணையாளின் மகன் எங்கே திரும்பிப் போவான்? பண்ணைக்கா? மீளக் கூடாத இடம் ஒன்றுதான் எங்களுக்குப் பின்னால் இருக்கிறது. எங்களிடம் போய் மீண்டு வா என்று சொல்வது அறியாமையா, அயோக்கியத்தனமா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இதைக் கள்ளக்குறிச்சியில் வைத்துப் பேசுவோம்.

2024 ஜூன் 18, 19. கருணாபுரம் ஒன்றும் காட்டுக்குள் இருக்கிற இடம் இல்லை. கள்ளக்குறிச்சி நகரத்துக்கு உள்ளேயே இருக்கிறது. காவல் நிலையமும் கோர்ட்டும் கூப்பிடு தூரம். அங்கே பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்கள். கண்ணு தெரியலையே என்று கத்தினார்கள். சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தது. அது உடம்புக்குள் போனால் ஃபார்மிக் அமிலமாக மாறும். பார்வை நரம்பைக் கெடுக்கும். பிறகு மூச்சை நிறுத்தும். முதலில் செத்தவரின் சாவுக்கு வந்தவர்கள் அங்கேயும் அதே சாராயத்தைக் குடித்தார்கள். சாராயச் சாவு என்று ஒப்புக்கொள்ள மாவட்ட நிர்வாகம் முதலில் தயாராக இல்லை. உடனே ஒத்துக்கொண்டு தெருத் தெருவாகத் தண்டோரா போட்டிருந்தால் சிலராவது கையில் இருந்ததைக் கீழே கொட்டியிருப்பார்கள். 65 பேருக்கு மேல் செத்தார்கள். பெரும்பாலோர் தலித்துகள், தினக்கூலிகள். பெண்களும் இருந்தார்கள்.

அரசு தலைக்குப் பத்து லட்சம் அறிவித்தது. உடனே ஊர் பேச ஆரம்பித்தது. குடிச்சிச் செத்தவனுக்குப் பத்து லட்சமா? கட்டுப்பாடு இல்லாத ஜனம். மன உறுதி இல்லாத ஜனம். டீக்கடையில் பேசினார்கள், தொலைக்காட்சியில் பேசினார்கள், நம்மில் படித்து வேலைக்குப் போனவர்களும் பேசினார்கள்.

அவர்கள் ஏன் குடித்தார்கள் என்று கேட்டபோது பெண்டு பிள்ளைகள் சொன்னது ஒன்றுதான். ஒடம்பு வலி. அந்த வார்த்தையை யாரும் காதில் வாங்கவில்லை.

எங்கப்பா கரும்பு வெட்டினவர். சோகை கிழித்த கோடு அவர் கையிலும் முகத்திலும் கடைசிவரை இருந்தது. கட்டுகளைத் தலையில் தூக்கி லாரியில் ஏற்றிவிட்டு வந்தால் ராத்திரி கழுத்தைத் திருப்ப முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும். சாராயம் வூட்டுக்கு வர்ற வழியிலயே இருந்திச்சி. காலையில் ஆறு மணிக்கு மறுபடி அதே கொல்லையில் நிற்க வேண்டும். அந்த உடம்பை அடுத்த நாள் வேலைக்குத் தயார் பண்ணிக் கொடுத்தது எது? ஆலையும் இல்லை, அரசாங்கமும் இல்லை. ஒரு கிளாஸ் சாராயம். கூலியில் சேர்க்க வேண்டிய வைத்தியச் செலவை எங்கப்பா தன் ஈரலில் இருந்து கட்டினார். பலவீனம் என்று நீங்கள் சொல்வது இதைத்தான். அந்தக் கட்டை ஒரு நாள் தூக்கிப் பார்த்துவிட்டு வந்து உறுதியைப் பற்றிப் பேசுங்கள்.

குடியை நான் நியாயப்படுத்தவில்லை. எங்கப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடித்தார். அம்மாவும் அதே கரும்புக் கொல்லையில் பகல் பூரா குனிந்தவள்தான். அவள் வலிக்கு என்ன இருந்தது? ஒரு துண்டு புகையிலை. அதை அடக்கிக்கொண்டு உலை வைத்தாள். பொம்பளன்னா தாங்கணும் என்று ஊரும் சொன்னது, சேரியும் சொன்னது. தாங்கச் சொல்கிறவர்களை எதிர்த்துப் பேச வருகிற தலித் ஆம்பளை எவனும் தன் வீட்டு அடுப்பங்கரையில் யார் எதைத் தாங்கிக்கொண்டு நிற்கிறார்கள் என்று முதலில் திரும்பிப் பார்க்க வேண்டும். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நகரத்தில் செத்ததற்கு மலையில் போய்த் தேடினார்கள். கல்வராயன் மலைமீது போலீஸ் ஏறியது. ஊறல்களைக் கொட்டி அழித்துப் படம் பிடித்துப் போட்டார்கள். மெத்தனால் மலையில் ஊறுவதில்லை. அது ஆலைச் சரக்கு, லாரி ஏறி வருவது. மலையில் சாராயமே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு மலையில் சாராயம் காய்ச்சுவதும் ஒரு பிழைப்பாக ஆனது எப்படி என்று ஏன் யாரும் கேட்கவில்லை என்கிறேன்.

கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ரோடு ஏறுகிறது. மேலே மலையாளிப் பழங்குடிகள். சாமை, மரவள்ளி, கடுக்காய். நாடு 1947இல் சுதந்திரம் அடைந்தது என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். இந்த மலை மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்து அரசின் கைக்கு வந்தது 1976இல். அதுவரை ஜாகீருக்குக் கூலியில்லாமல் உழைத்துக் கொடுத்த ஜனம் அது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே 1976இல்தான். முன்பணம் கொடுத்து அதைக் காட்டி ஒருவனை வேலையில் கட்டிவைப்பது குற்றம் என்றது அந்தச் சட்டம். இன்றைக்கும் மேஸ்திரி முன்பணத்தோடு மலைக்கு வருகிறான். குடும்பத்தோடு கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் தோட்ட வேலைக்குப் போகிறார்கள். பக்கத்து மலைகளான ஜவ்வாதிலிருந்தும் சித்தேரியிலிருந்தும் கூலிக்குப் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று தெரியும். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தார்கள் என்று சொல்லி ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்ற 20 பேரில் அந்த மலைக்காரர்களும் இருந்தார்கள். செம்மரத்தை வாங்கி விற்று மாடி கட்டினவன் எவனும் அந்த இருபதில் இல்லை.

கருணாபுரத்துக்குப் பிறகு, 2024இல், சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து கல்வராயன் மலை மக்களின் நிலைமையை ஒரு வழக்காக எடுத்தது. கீழே அத்தனை பேர் சாக வேண்டியிருந்தது, மேலே ரோடு இருக்கிறதா, ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று கேட்பதற்கு. அதுவரைக்கும் அந்த ஜனம் என்ன செய்தது? தாங்கிக்கொண்டது. நன்றாகவே தாங்கியது. அதனால்தான் யாரும் கேட்கவில்லை. சத்தம் போடாமல் தாங்குகிறவனுக்கு எதையும் செய்ய வேண்டியதில்லை என்பதுதான் அதிகாரம் கற்று வைத்திருக்கிற பாடம்.

இங்கே நம்ம எழுத்தாளர்களிடமும் ஒரு சண்டை இருக்கிறது. நாமும் இதைத்தானே எழுதிக்கொண்டிருக்கிறோம்? கருங்கல்லு மாதிரி உழைக்கும் ஜனம், எத்தனை அடித்தாலும் சாகாத ஜனம், வெயிலைத் தின்று வளர்ந்த ஜனம். படிக்கிறவனுக்கு மயிர்க்கூச்செறிகிறது. கைதட்டுகிறான். பாட்டியின் வெடித்த பாதத்தை அட்டைப்படமாகப் போடுகிறோம். வெடித்த பாதம் வலிக்கும் என்று எழுத மறந்துபோகிறோம். எதையும் தாங்குவார்கள் என்று நம்மைப் பற்றி நாமே எழுதிக் கொடுத்தால், இன்னும் கொஞ்சம் ஏற்று என்று அவன் சொல்லத்தானே செய்வான்? தாங்க முடியவில்லை என்று எழுதுவதில் ஒரு கேவலமும் இல்லை. இனிமேல் அதை எழுதுவோம்.

பாபாசாகேப் என்ன செய்தார்? 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அவர் கையில் இருந்தது. களைத்துப்போன தொழிலாளியைக் கூப்பிட்டு மூச்சை இழுத்து விடு என்று அவர் சொல்லவில்லை. வேலை நேரத்தைக் குறைக்கிற சட்டத்தைக் கொண்டுவந்தார். 1946இன் தொழிற்சாலைத் திருத்தச் சட்டத்தில் வாரத்துக்கு 54 மணி நேரம் என்றிருந்தது 48 ஆனது. அந்த ஆறு மணி நேரத்தில் எத்தனை முதுகு நிமிர்ந்திருக்கும்? 2023 ஏப்ரலில் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வேலை வாங்க வழிசெய்யும் மசோதாவைத் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்கள். மே 1ஆம் தேதி அதைத் திரும்பப் பெறுவதாக அறிவிக்க வேண்டி வந்தது. அதைத் தடுத்தது தியானமா? தொழிற்சங்கங்கள் ஒன்றாக நின்று எதிர்த்ததுதான்.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலைப் பார்த்தோம். இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் தெருவில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். வெயில், மழை, கழிப்பறை இல்லாத கஷ்டம், எல்லாம் உண்டு. 13ஆம் தேதி நடுராத்திரியில் போலீஸ் அவர்களைத் தூக்கிக்கொண்டு போனது. மறுநாள் அரசு காலை உணவுத் திட்டம் உள்ளிட்ட சலுகைகளை அறிவித்தது. அவர்கள் கேட்டது வேலை நிரந்தரம். கையில் வைத்தது இட்லி. தோற்றுப்போனார்கள் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். மன உறுதி என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த அர்த்தம் அந்த நடைபாதையில் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் இன்னொருத்தி உட்கார்ந்திருந்ததால் ஒவ்வொருத்தியும் உட்கார்ந்தாள். தனித்தனியாகக் கண்ணை மூடிக்கொண்டு வருவதில்லை அது.

மனசுக்கு வைத்தியமே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். விடுதியில் தூக்கம் இல்லாமல் கிடக்கிற மாணவனுக்கு, கருணாபுரத்தில் அப்பனையும் அம்மாவையும் ஒரே நாளில் பறிகொடுத்த பிள்ளைக்கு, மனநல மருத்துவர் வேண்டும். அது நம் உரிமை. அதைக் கேட்டு வாங்குவோம். ஆனால் கையுறைக்குப் பதிலாக, கூலிக்குப் பதிலாக, ஆஸ்பத்திரிக்குப் பதிலாக மனசைத் தேற்ற ஆள் அனுப்பினால், வந்த ஆளிடமே நம் கோரிக்கைப் பட்டியலைக் கொடுத்தனுப்புவோம்.

சின்னம்மாவின் கதையை முடித்துவிடுகிறேன். அன்றைக்கு எல்லாருக்கும் ஒரு சான்றிதழும் பிஸ்கட் பாக்கெட்டும் கொடுத்தார்கள். சான்றிதழின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அதிலேயே மனு எழுதினோம். கையுறை, காலுக்கு பூட்ஸ், சம்பளச் சீட்டு என்று மூன்று கோரிக்கை. எட்டுப் பெண்கள் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். தனியா யாரும் போகாதீங்க, எட்டுப் பேரும் ஒண்ணா போங்க என்று சின்னம்மாதான் சொன்னாள்.

ஒன்பது நாளில் கையுறை வந்தது. பூட்ஸ் வரவில்லை. சம்பளச் சீட்டு கேட்டதற்காக இரண்டு பேரைத் தூரத்து வார்டுக்கு மாற்றினார்கள். விடியற்காலை பஸ் இல்லாத வார்டு. இனிமே எதுவும் கேக்க மாட்டாளுங்க என்று மேஸ்திரி சிரித்தானாம்.

நேற்று ராத்திரி சின்னம்மா வீட்டுக்கு வந்தாள். "தம்பி, அந்தப் பேனா எடு. இந்தத் தடவ இருபத்தோரு பேரு" என்றாள்.