மருந்து மலிவு, மருத்துவம் தொலைவு

ஜூன் மாதம் பள்ளிகள் திறக்கும்போது பெரும்பாலான பெற்றோரின் கவலை கட்டணம், சீருடை, புத்தகம் ஆகியவற்றைப் பற்றியதாகவே இருக்கும். என்னிடம் பொருளாதாரம் பயின்ற பழைய மாணவர் ஒருவரின் கவலை வேறு. கடலூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நகலகம் நடத்தும் அவருடைய ஏழு வயது மகளுக்கு இதுவரை பதினொரு முறை எலும்பு முறிந்திருக்கிறது. கட்டிலிலிருந்து இறங்கும்போது ஒருமுறை தொடை எலும்பு. பக்கத்து வீட்டுக் குழந்தை விளையாட்டாகக் கையைப் பிடித்து இழுத்ததில் மற்றொரு முறை முழங்கை.

அவர் அணுகிய தனியார் பள்ளி ஒன்று, 'குழந்தைக்கு ஏதேனும் நேர்ந்தால் எங்களால் பொறுப்பேற்க முடியாது' என்று கைவிரித்துவிட்டது. 'எலும்புக்கு வைத்தியம் இருக்கிறது சார், இதற்கு எங்கே போவது?' என்று அவர் கேட்டபோது என்னிடம் உடனடியாக விடை இல்லை.

அந்தக் குழந்தைக்கு இருப்பது 'ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா' எனப்படும் பிறவி எலும்பு நொறுங்கல் நோய். எலும்புக்கு உறுதி தருவதில் சுண்ணாம்புச் சத்துக்கு இணையான பங்கு 'கொலாஜன்' என்ற புரதத்துக்கும் உண்டு. கட்டடத்துக்குக் கம்பி எப்படியோ, எலும்புக்குக் கொலாஜன் அப்படி. அந்தப் புரதத்தை உருவாக்கும் மரபணுவில் ஏற்படும் பிழையே நோய்க்கு மூலம். ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தை இந்நோயுடன் பிறக்கிறது. சிலருக்கு விழியின் வெண்படலம் நீலம் பாய்ந்திருக்கும். சிலருக்குப் பற்கள் எளிதில் உதிரும். வளர்ந்த பிறகு செவித்திறன் குறைவதும் உண்டு. அறிவாற்றலை மட்டும் இந்நோய் தீண்டுவதில்லை.

நோய் அரிதானது என்பதால் அதை அடையாளம் காண்பதும் தாமதமாகிறது. சத்துக்குறைவு என்று கருதி கால்சியம் மாத்திரை தந்து அனுப்புவோர் உண்டு. புத்தூர்க் கட்டு போட்டுக்கொண்டு வீடு திரும்பி, அடுத்த முறிவு வரை காத்திருக்கும் குடும்பங்களும் உண்டு. இவற்றைவிடக் கொடுமையானது, பெற்றோரே குழந்தையை அடித்திருப்பார்களோ என்ற ஐயம். மகளுக்கு ஒன்றரை வயதிருக்கும்போது, மூன்றாவது முறிவுக்காகத் தூக்கிச் சென்ற மருத்துவமனையில் என் மாணவரையும் அவர் மனைவியையும் தனித்தனியே அமர வைத்து விசாரித்திருக்கிறார்கள். குழந்தையின் பாதுகாப்புக்காகக் கேட்கப்பட்ட கேள்விதான் அது. ஆயினும், அந்த அரை மணி நேரத்தை அந்தத் தாய் இன்றளவும் மறக்கவில்லை.

இந்நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இல்லை. ஆனால், முறிவுகளைக் குறைத்து, வலியைத் தணித்து, குழந்தையை நடமாடச் செய்யும் வழிகள் கால் நூற்றாண்டுக்கும் மேலாக நம் கையில் இருக்கின்றன. கனடாவின் மான்ட்ரியால் நகரைச் சேர்ந்த மருத்துவர் பிரான்சிஸ் க்ளோரியூவும் அவருடைய குழுவினரும், 'பாமிட்ரோனேட்' என்ற மருந்தை இடைவெளி விட்டு நரம்பு வழியே செலுத்தும்போது கடுமையாகப் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் எலும்பு அடர்த்தி கூடுவதை 1998-இல் வெளியிட்டனர். எலும்பு தன்னைத் தானே அரித்துக்கொள்ளும் வேகத்தை மட்டுப்படுத்தும் 'பிஸ்பாஸ்போனேட்' வகை மருந்து அது. அதே வகையைச் சேர்ந்த 'ஜோலெட்ரானிக் அமிலம்' இப்போது பரவலாகப் பயன்படுகிறது. வழக்கமாக ஆறு மாதங்களுக்கு ஒருமுறை, ஒரு மணி நேரத்துக்குள் செலுத்தி முடித்துவிடலாம். காப்புரிமைக் காலம் கடந்த மருந்து என்பதால் இந்தியாவில் பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன. விலை சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது.

மருந்துடன் பராமரிப்பும் சேர்ந்தால்தான் பலன். வளையும் தொடை எலும்புக்குள், குழந்தை வளர வளரத் தானும் நீளும் உலோகத் தண்டைப் பொருத்தும் அறுவை சிகிச்சை உண்டு. கைக்குழந்தையை அக்குளில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது. துணி மாற்றும்போது கணுக்காலைப் பிடித்து உயர்த்தக் கூடாது. விரித்த உள்ளங்கையால் தலையையும் முதுகையும் இடுப்பையும் ஒருசேரத் தாங்க வேண்டும். உடைந்துவிடுமோ என்ற அச்சத்தில் குழந்தையை அசையாமல் வைத்திருப்பதும் தவறு. அசைவற்ற எலும்பு மேலும் மெலியும். மெலிந்த எலும்பு மீண்டும் முறியும். இந்தச் சுழலை உடைப்பது இயன்முறைப் பயிற்சி. இவற்றைக் கற்பிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. தெரிந்த ஒருவர் அருகில் இருக்க வேண்டும், அவ்வளவே.

அந்த 'அருகில்' என்ற சொல்லில்தான் பொருளாதாரம் இருக்கிறது. என் மாணவர் கணக்கு எழுதும் பழக்கம் உள்ளவர். மகளுக்காக ஓராண்டில் ஆன செலவை எனக்குக் காட்டினார். இரண்டு முறை செலுத்திய மருந்துக்கு 4,000 ரூபாய். எக்ஸ்ரே, மாவுக்கட்டு முதலியவற்றுக்கு 18,000 ரூபாய். மருந்து செலுத்தும் வசதியும் அனுபவமும் உள்ள பெருநகர மருத்துவமனைக்கு, பேருந்தின் குலுக்கலுக்கு அஞ்சி வாடகை காரில் ஐந்து முறை சென்றுவந்ததற்கு 30,000 ரூபாய். ஆயத்த ஆடை நிறுவனத்தில் மாதம் 11,000 ரூபாய் ஊதியம் பெற்றுவந்த மனைவி, மகளைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்டதால் இழந்தது 1,32,000 ரூபாய். ஆக மொத்தம் 1,84,000 ரூபாய். இதில் மருந்தின் பங்கு நூற்றுக்கு இரண்டுக்குச் சற்று மேல். 'மருந்துக்காக நான் கடன் வாங்கவில்லை சார், மருந்து இருக்கும் இடத்துக்குப் போய்வரத்தான் வாங்கினேன்' என்றார். நான் வகுப்பில் பல ஆண்டுகள் நடத்திய பாடத்தை இவ்வளவு சுருக்கமாக நானே சொன்னதில்லை.

ஒரு குடும்பத்தின் கணக்கை எல்லோருக்கும் பொதுவாக்கிவிட முடியாது. ஆனால், எங்கே பணம் கரைகிறது என்பதை அது காட்டுகிறது. நம்முடைய கொள்கை அந்த இடத்தைப் பார்க்கிறதா என்பதே கேள்வி.

மத்திய அரசின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021-இல் வெளியானது. அது நோய்களை மூன்றாகப் பிரித்தது. ஒருமுறை சிகிச்சையால் குணமாகக்கூடியவை முதல் பிரிவு. ஒப்பீட்டளவில் குறைந்த செலவில், ஆனால் நெடுங்காலம் சிகிச்சை தேவைப்படுபவை இரண்டாம் பிரிவு. மிகுந்த செலவு பிடிப்பவை மூன்றாம் பிரிவு. எலும்பு நொறுங்கல் நோய் இரண்டாம் பிரிவில் இடம்பெற்றது. இப்பிரிவினருக்கு உதவுவது குறித்து மாநில அரசுகள் பரிசீலிக்கலாம் என்றது கொள்கை. 2022-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, எந்தப் பிரிவைச் சேர்ந்த நோயாளிக்கும் 50 லட்சம் ரூபாய் வரை, அறிவிக்கப்பட்ட உயர்சிறப்பு மையங்களின் வழியே உதவி கிடைக்கும். சென்னை எழும்பூரில் உள்ள அரசு குழந்தைகள் நல மருத்துவமனையும் அம்மையங்களுள் ஒன்று. இவை வரவேற்கத்தக்க முன்னேற்றங்கள் என்பதில் ஐயமில்லை.

ஆயினும், இந்த ஏற்பாட்டின் வடிவத்தைக் கவனிக்க வேண்டும். பெருந்தொகை, பெருநகரம், பெரிய மருத்துவமனை என்பதே அதன் அச்சு. முதுகுத்தண்டுவடத் தசைநார்ச் சிதைவு நோய்க்கான பதினாறு கோடி ரூபாய் ஊசிக்காகப் பெற்றோர் பொதுமக்களிடம் கையேந்திய செய்திகள் நாட்டையே உலுக்கின. அரிய நோய் என்றாலே கோடிகளில் விலையுள்ள மருந்து என்ற எண்ணம் நம் மனத்தில் பதிந்துவிட்டது. அக்குழந்தைகளுக்கு உதவி தேவையில்லை என்று சொல்லவில்லை. ஆனால், ஆண்டுக்கு இருமுறை சில ஆயிரம் ரூபாய் மருந்தும், மாதந்தோறும் இயன்முறைப் பயிற்சியும், வளரும் வரை தொடர் கண்காணிப்பும் வேண்டிய குழந்தைக்கு 50 லட்சம் ரூபாய் என்ற உச்சவரம்பால் என்ன பயன்? அதற்குத் தேவை பெருந்தொகை அன்று. சிறு தொகை, ஆனால் தவறாத தொகை. அதுவும் சொந்த மாவட்டத்தில்.

இத்தனை அரிய நோய்க்கு மாவட்டந்தோறும் ஏற்பாடு சாத்தியமா என்று கேட்கலாம். தமிழகத்தில் ஆண்டுக்கு 8 முதல் 9 லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. மேற்சொன்ன விகிதப்படி அவர்களில் 40 முதல் 60 பேருக்கு இந்நோய் இருக்கக்கூடும். 38 மாவட்டங்களுக்குப் பகிர்ந்தால் ஒரு மாவட்டத்துக்கு ஆண்டுக்கு ஒருவர் அல்லது இருவர். எண்ணிக்கை குறைவு என்பதால் செலவும் குறைவு. அதே காரணத்தால்தான் இக்குழந்தைகள் எவர் கண்ணிலும் படாமல் போகிறார்கள் என்பதும் உண்மை. இதற்கென்று புதிய கட்டடம் எதுவும் வேண்டியதில்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் ஒரு படுக்கை, ரத்தத்தில் கால்சியம் அளவைப் பரிசோதிக்கும் வசதி, எழும்பூர் மையத்தின் வழிகாட்டலில் மருந்து செலுத்தப் பயிற்சி பெற்ற ஒரு குழந்தைநல மருத்துவர் ஆகியவை போதும்.

இயன்முறைப் பயிற்சிக்கும் வழி இருக்கிறது. 2021-இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் ஏற்கெனவே வீடு தேடிச் செல்கிறார்கள். அவர்கள் செல்லும் வீடுகளின் பட்டியலில் இக்குழந்தைகளின் வீடுகளும் சேர வேண்டும்.

'ரத்தசோகையும் காசநோயும் இருக்கும் நாட்டில் அரிய நோய்க்குச் செலவிடலாமா?' என்பது பொருளியல் அறிந்தோர் எழுப்பும் நியாயமான வினா. ஒன்றுக்குச் செலவிட்டால் மற்றொன்றைக் கைவிட வேண்டியிருக்கும் என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால், இங்கே செலவிடாமல் இருப்பதால் எதுவும் மிச்சமாவதில்லை. ஒவ்வொரு முறிவுக்கும் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு ஏற்கெனவே செலவிடுகிறது. குடும்பம் ஊதியத்தை இழக்கிறது. குழந்தை கல்வியை இழக்கிறது. முறிவைத் தடுக்கத் தயங்கும் பணத்தை முறிந்த பிறகு பன்மடங்காகச் செலவிடுகிறோம்.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழிலும் ஒரு சிக்கல் உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் பட்டியலில் தசைச் சிதைவும் வளர்ச்சிக் குறைவும் பெயர் சொல்லி இடம்பெற்றுள்ளன. எலும்பு நொறுங்கல் இடம்பெறவில்லை. இயக்கக் குறைபாடு என்ற பொதுத் தலைப்பின்கீழ்தான் விண்ணப்பிக்க வேண்டும். பல உரிமைகளுக்கு அடிப்படை 40% பாதிப்பு. இரண்டு முறிவுகளுக்கு இடைப்பட்ட நல்ல நாளில் நடந்துவரும் குழந்தைக்கு எத்தனை விழுக்காடு கிடைக்கும்? அளவிட வேண்டியது அன்றைய நடையை அல்ல, ஆண்டு முழுவதும் அக்குழந்தை சுமக்கும் அபாயத்தை.

மரபணு ஆலோசனையும் மாவட்ட அளவில் கிடைக்க வேண்டும். இந்நோய் பெரும்பாலும், பெற்றோரில் ஒருவரிடம் உள்ள பிழை குழந்தைக்குச் செல்வதாலோ, எவரிடமும் இல்லாமல் கருவிலேயே புதிதாகப் பிழை தோன்றுவதாலோ வருகிறது. இருவரிடமும் மறைந்திருக்கும் பிழை ஒன்றுசேர்ந்து வரும் வகை குறைவுதான். ஆனால், அவ்வகையின் வாய்ப்பை நெருங்கிய உறவுத் திருமணம் கூட்டுகிறது. ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழகத்தில் ரத்த உறவில் மணந்த பெண்கள் 28%. நாட்டிலேயே இது அதிகம். எந்த வகை என்று தெரிந்தால்தான் அடுத்த குழந்தைக்கான வாய்ப்பைச் சொல்ல முடியும். 'உன் வயிற்றுக் கோளாறு' என்று தாயின்மீது பழி போடும் வழக்கத்துக்கும் அறிவியலே விடை தரும்.

கல்விக்கு வருவோம். அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் மாற்றுத்திறன் குழந்தைகளைப் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும் என்கிறது மேற்சொன்ன சட்டத்தின் 16-ஆவது பிரிவு. பள்ளிகளின் அச்சத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது. அந்த அச்சத்தைப் போக்க, முறிவு ஏற்பட்டால் என்ன செய்ய வேண்டும், எப்படித் தூக்க வேண்டும் என்பதை விளக்கும் மருத்துவரின் ஒரு பக்கக் கடிதமும் ஆசிரியர்களுக்கு அரை நாள் பயிற்சியும் போதும். கேரளத்தின் எருமேலியைச் சேர்ந்த லத்தீஷா அன்சாரி, இதே நோயுடன், சக்கர நாற்காலியில் அமர்ந்து, ஆக்சிஜன் உருளையின் துணையோடு 2019-இல் குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வை எழுதினார். 2021-இல் அவர் மறைந்தார். அவர் அந்தத் தேர்வுக்கூடம் வரை வந்ததற்கு, அதற்கு முன் பல வகுப்பறைகள் அவருக்குக் கதவு திறந்திருக்க வேண்டும் அல்லவா?

என் மாணவரின் மகள் இப்போது தன் ஊரின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அங்குள்ள தலைமையாசிரியை மூன்று காரியங்கள் செய்தார். மாடியில் இருந்த இரண்டாம் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றினார். மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே, கூட்ட நெரிசலில் சிக்காதபடி, அவளை வெளியே அனுப்புகிறார். அவளுடைய பையைத் தூக்கிவரும் பொறுப்பை வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரம் ஒருவர் என்று முறைவைத்துக் கொடுத்திருக்கிறார். அந்த முறைக்காகப் பிள்ளைகள் போட்டி போடுகிறார்களாம்.

இம்மூன்றுக்கும் அரசாணை தேவைப்படவில்லை. ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை. ஆனால், எல்லாக் குழந்தைகளுக்கும் இப்படியொரு தலைமையாசிரியை வாய்ப்பார் என்று நம்பிக்கொண்டிருப்பது கொள்கை ஆகாது. நல்ல மனிதர் ஒருவர் தற்செயலாகச் செய்ததை எல்லா இடத்திலும் தவறாமல் நடக்கச் செய்வதற்குத்தான் அரசு இருக்கிறது.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).