டியூ கட்டிய வண்டி

2025 மே 18 ராத்திரி ராசிபுரத்தில் மாமா வீட்டு டிவி முன்னால் ஏழு பேர் உட்கார்ந்திருந்தோம். டெல்லி பதினோரு பேரில் நடராஜன் பெயர் இருந்தது. சின்னப்பம்பட்டி எங்களுக்குச் சொந்த ஊர் இல்லை, ஆனாலும் சேலம், நாமக்கல் பக்கத்துக்காரனுக்கு அந்தப் பெயர் வந்தால் முதுகு நிமிரும். எனக்கும் அந்த வியாதி உண்டு, மறைக்கவில்லை. டெல்லி 199 அடித்தது. குஜராத் 19 ஓவரில் விக்கெட்டே விழாமல் 205 அடித்து முடித்தது. சாய் சுதர்சன் சதம், கில் 93. நடராஜன் மூன்று ஓவர், 49 ரன், விக்கெட் இல்லை.

ஆட்டம் முடியும் முன்பே போனில் கணக்கு வந்துவிட்டது. 10.75 கோடி சம்பளம், சீசனில் போட்டது 18 பந்து, ஆக ஒரு பந்துக்கு அறுபது லட்சம். கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. இந்தக் கணக்கைப் போட்டவர்கள்தான் ஆறு மாதம் முன்னால் ஜெட்டா ஏலத்தில் அதே தொகையைப் பார்த்து ‘தங்கராசு’ என்று கை தட்டியவர்கள். எனக்குக் கோபம் அந்த 49 ரன்னைச் சொன்னதற்கு இல்லை. மோசமாகத்தான் போட்டார். லென்த் தவறியது, யார்க்கர் இறங்கவே இல்லை. கோபம் எதற்கென்றால், ஒரு வியாபாரம் கெட்டுப்போனால் வாங்கினவனை விட்டுவிட்டு, விலைபோனவன் சட்டையைப் பிடிக்கிறோமே, அதற்கு.

மாமா இதில் நிபுணர். கிரிக்கெட்டில் இல்லை, லாரியில். ரெண்டு வண்டி வைத்திருந்து ஒன்றை விற்றவர். “மாப்பள, டியூ கட்டி வண்டி எடுத்தவன் அதை ஓட்டோணும். ஷெட்டுல நிறுத்தி வச்சா டியூ நிக்குமா? காலாண்டு டேக்ஸ் நிக்குமா? பேட்டரி எறங்கிப் போகும், டயர் ஒரே பக்கமா ஒக்காந்துரும். எட்டு மாசம் கழிச்சு லோடு ஏத்தி மலை மேல அனுப்பிட்டு, வண்டி இழுக்கலைன்னு சொன்னா எப்படிங்கறேன்?” மனுஷனை வண்டியோடு ஒப்பிடுவது அழகில்லை, தெரியும். ஏலம் விட்டவர்கள் முதலில் ஒப்பிட்டார்கள்.

டெல்லி ஏன் வாங்கியது என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. 2024 ஏப்ரல் 20, டெல்லி மைதானம். ஹைதராபாத் 266 அடித்திருந்தது. அன்று நடராஜன் நாலு ஓவரில் 19 ரன் கொடுத்து நாலு விக்கெட், அதில் ஒரு மெய்டன். எல்லாரும் பத்துப் பன்னிரண்டு என்று வாரிக் கொடுத்த ஆட்டத்தில் மெய்டன்! அந்த சீசனில் மொத்தம் 19 விக்கெட். அடி வாங்கிய வீட்டுக்காரனே கடைசியில் கம்பை விலைக்கு வாங்கிக்கொண்டான். இதுவரை நியாயம்.

ஆனால் அதே ஏலத்தில் மிட்செல் ஸ்டார்க்கை 11.75 கோடிக்கு எடுத்திருக்கிறார்கள். அவரும் இடது கை, அவரும் கடைசி ஓவர்க்காரர். ஒரே வேலைக்கு ரெண்டு ஆள், இருபத்திரண்டரை கோடி. ஸ்டார்க் சும்மா இல்லை. ஏப்ரல் 16 ராஜஸ்தானுக்கு எதிராகக் கடைசி ஓவரில் ஒன்பது ரன்னைக் காப்பாற்றி, சூப்பர் ஓவரிலும் ஜெயித்துக் கொடுத்தார். அவர் இருக்கையில் நடராஜனை வெளியே வைத்தது தப்பே இல்லை. முதல் நாலு ஆட்டமும் ஜெயிக்கிற அணி எதற்காக ஆளை மாற்ற வேண்டும்? நடராஜன் ஏன் ஆடவில்லை என்று நிருபர் கேட்டபோது, அணியின் ஆலோசகர் கெவின் பீட்டர்சன் ‘அவரை எங்கே பொருத்துவது, நீங்களே சொல்லுங்கள்’ என்கிற மாதிரி கேள்வியைத் திருப்பினார். நியாயமான கேள்விதான். ஜெட்டாவில் கையைத் தூக்கும் முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

மே மாதம் எல்லை மோதலால் ஐபிஎல் ஒரு வாரம் நின்றது. ஸ்டார்க் திரும்பி வரவில்லை. இடம் காலி. டெல்லி என்ன செய்தது? ஊருக்குப் போன ஒரு பேட்ஸ்மேனுக்குப் பதிலாக ஆறு கோடிக்கு முஸ்தஃபிசுர் ரஹ்மானை இறக்கியது. அவரும் இடது கை வேகம்! வீட்டில் ஒரு வண்டி சாவியோடு நிற்க, பக்கத்து ஊரில் வாடகைக்கு வண்டி பிடித்த கதை. முஸ்தஃபிசுர் மூன்று ஆட்டத்தில் நாலு விக்கெட் எடுத்தார், அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. டெல்லி 15 புள்ளியோடு ஐந்தாவதாக முடிந்து, பிளேஆஃபுக்கு ஒரு படி கீழே நின்றது. நடராஜனுக்கு அந்த 18 பந்துக்குப் பிறகு பந்தே தரவில்லை.

‘உடம்பு தயாராக இருந்திருக்காது’ என்பார்கள். இருக்கலாம். அப்படியானால் மே 18 அன்று, தோற்கவே கூடாத ஆட்டத்தில், கில்லுக்கும் சுதர்சனுக்கும் எதிரே இறக்கியது யார்? தயார் என்றால் ஏன் ரெண்டு மாதம் பெஞ்ச், தயாரில்லை என்றால் ஏன் மே 18? ரெண்டில் ஒன்றுக்காவது பதில் வேண்டும்.

நடராஜனுக்கு பெஞ்ச் புதுசில்லை. 2017ல் பஞ்சாப் மூன்று கோடிக்கு எடுத்தது, ஆறு ஆட்டம், ரெண்டு விக்கெட். அப்போதும் இதே ‘வேஸ்ட்’ பேச்சுதான். மறுவருஷம் விலை நாற்பது லட்சத்துக்கு இறங்கியது, எடுத்தது ஹைதராபாத். 2018, 2019 ரெண்டு சீசனும் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. 2020ல் இறக்கினார்கள், தொடர்ந்து இறக்கினார்கள், பதினாறு ஆட்டம். ஏபி டிவில்லியர்ஸின் ஸ்டம்பைப் பெயர்த்த யார்க்கர் அப்போது வந்ததுதான். டிசம்பரில் ஆஸ்திரேலியா, ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்ட், முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட். பந்து போடும் முறையே சந்தேகம் என்று சொல்லப்பட்டு, கையைத் திருத்தி மறுபடி வந்த ஆள் இவர். யார்க்கர் என்பது ஸ்விட்ச் போட்டால் எரிகிற பல்பு இல்லை. அரை அடி முன்னால் விழுந்தால் ஃபுல்டாஸ், அரை அடி பின்னால் விழுந்தால் சிக்ஸர். அந்த அரை அடி வலைப்பயிற்சியில் கிடைக்காது, ஆட்டத்தில்தான் கிடைக்கும்.

அமெரிக்க பேஸ்பாலில் சீசன் நடுவிலேயே வீரர்களை மாற்றிக்கொள்வார்கள். 1987 ஆகஸ்டில் டெட்ராய்ட் அணி, அட்லாண்டாவிடமிருந்து டாயில் அலெக்சாண்டர் என்ற பிட்சரை வாங்கியது. நம்ம கணக்கில் முதல் ஓவர் போடுகிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 36 வயசு, அந்த வருஷம் அட்லாண்டாவுக்கு அஞ்சு வெற்றி, பத்து தோல்வி. பதிலுக்குக் கொடுத்தது ஜான் ஸ்மோல்ட்ஸ் என்ற இருபது வயசுப் பையனை. அலெக்சாண்டர் டெட்ராய்டுக்கு 11 ஆட்டம் தொடங்கினார், ஒன்பது வெற்றி அவர் கணக்கில், தோல்வி பூஜ்யம். அணி தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. ஸ்மோல்ட்ஸ் அட்லாண்டாவில் பெரிய ஆளாகி 2015ல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார். இது முட்டாள் வியாபாரமா, புத்திசாலி வியாபாரமா என்று இன்னமும் அடித்துக்கொள்கிறார்கள். நான் டெட்ராய்ட் பக்கம். விலை அதிகம், ஆனால் வாங்கிய ஆளிடம் முறை வந்தபோதெல்லாம் பந்தைக் கொடுத்தார்கள். டெல்லிக்காக இப்படி வாதாட எனக்கு ஒரு இழை கிடைக்கவில்லை.

நம்மிடமும் வழி இல்லாமல் இல்லை. ரெண்டு ஆட்டத்துக்கு மேல் ஆடாத வீரரை சீசன் பாதியில் வேறு அணி எடுத்துக்கொள்ளலாம் என்று 2020ல் ஐபிஎல் கதவைத் திறந்து வைத்தது. ஒருவரும் நுழையவில்லை. காரணம் எளிது. நான் அனுப்புகிற பவுலர் நாளைக்கு எனக்கே நாலு விக்கெட் எடுத்தால்? அந்தப் பயத்தில் ஒருத்தனை சும்மா உட்கார வைப்பதற்குக் கோடிகளில் சம்பளம் தருகிறார்கள். காசு வருதே, அவருக்கென்ன குறை என்று கேட்பவர்கள் உண்டு. 34 வயசு, முழங்காலில் அறுவை செய்த வேகப்பந்து வீச்சாளருக்கு ஒரு சீசன் என்றால் என்னவென்று அவர்கள் யோசித்ததில்லை. எனக்கு அணிகளின் பயத்தில் அக்கறை இல்லை. பாதி சீசன் வரை ஆடாதவரை, அவர் விரும்பினால், கேட்கிற அணிக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று விதி போடட்டும்.

நவம்பரில் டெல்லி 2026க்கான பட்டியலை வெளியிட்டது. நடராஜன் பெயர் அதில் இருந்தது. போனை மாமாவிடம் நீட்டினேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே விரல் வைத்துப் பார்த்தார்.

“ஸ்டார்க்கு?”

“அவரும் இருக்கறாருங்க மாமா.”

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தறிச்சத்தம் கேட்கிற பக்கம் ஜன்னலைச் சாத்தப் போனார்.