கேட்க வேண்டிய கேள்வி

பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளை யாரோடோ பழகுவது தெரிந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி ‘காதலா?’ என்பதுதான். விசாரணையும் அதோடு முடிந்துவிடுகிறது. கைபேசி பறிபோகும், டியூஷன் மாறும். அந்தப் பழக்கத்தில் பயம் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

பயம் மெதுவாகத்தான் நுழைகிறது. ‘வீட்டுக்குப் போயிட்டியா?’ என்ற அக்கறையில் தொடங்கும். பிறகு இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டைக் கேட்பார்கள். ‘என்மேல நம்பிக்கை இல்லையா?’ என்றால் அந்த வயதில் என்ன பதில் சொல்ல முடியும்? யாரோடு பேசலாம், என்ன உடுத்தலாம், ராத்திரி ஏன் ஆன்லைனில் இருந்தாய் என்று கணக்குக் கேட்பது வழக்கமாகிவிடும். நெருங்கிய தோழிகள் ஒவ்வொருவராக விலகிப்போவார்கள். எதிர்த்துப் பேசினால் ‘கையை அறுத்துக்குவேன்’ என்ற மிரட்டல். மறுநாள் அழுகை, மன்னிப்பு, சாக்லேட். பிள்ளையைக் கட்டிப்போடுவது பெரும்பாலும் அந்த மன்னிப்புதான். அடி விழாததால் இது துன்புறுத்தல் என்று அதற்கே தோன்றாது. ‘அவன் ரொம்ப பொசசிவ்’ என்று பெருமையாகக்கூடச் சொல்லும். பெண்ணைத் துரத்துவதையே காதலாகக் காட்டிவந்த நம் சினிமாவுக்கும் இதில் பங்குண்டு. பையன்களும் இப்படி மாட்டிக்கொள்கிறார்கள். கேலிக்குப் பயந்து வாயே திறப்பதில்லை.

அடுத்து அந்தரங்கப் படம் கேட்பார்கள். ‘உங்க அப்பாவுக்கு அனுப்பிடுவேன்’ என்ற ஒரு வரி போதும், பிள்ளை சொன்னதெல்லாம் கேட்கும். மிரட்டுபவருக்கு அந்தப் பலத்தைத் தருவது நம் வீட்டுக் கோபம். 2019இல் வெளிச்சத்துக்கு வந்த பொள்ளாச்சி வழக்கில், நட்பாகப் பழகி, வீடியோ எடுத்து, அதைக் காட்டியே பெண்களை மிரட்டினார்கள். 2025 மே மாதம் ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தைச் சிலர் காதலர்களைப் பிரிக்கும் ஆயுதமாக்குகிறார்கள். வளரிளம் பருவத்தினர் விரும்பிப் பழகுவதைத் தண்டிக்க அந்தச் சட்டம் வரவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் சொன்னது. ஆனால் மிரட்டல் வேறு. படத்தைப் பிள்ளையே அனுப்பியிருந்தாலும், அதை வைத்து மிரட்டுவது குற்றம்.

ஆகவே, எதுவும் நடக்கும் முன்பே சொல்லி வையுங்கள்: ‘யார் மிரட்டினாலும் எங்ககிட்ட வா. திட்ட மாட்டோம், படிப்பை நிறுத்த மாட்டோம்.’ வந்து சொன்னால் அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். மிரட்டல் செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள். புகாருக்கு அவைதான் சாட்சி. குழந்தைகளுக்கான உதவி எண் 1098, சைபர் குற்றப் புகாருக்கு 1930. 18 வயதுக்கு முன் எடுத்த அந்தரங்கப் படம், சேவையில் இணைந்துள்ள இணையதளங்களில் பரவாமல் தடுக்க, ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவையைப் பிள்ளை பெயர் சொல்லாமலே பயன்படுத்தலாம். படம் கைபேசியை விட்டு வெளியே போகாது.