நிலைப்படியில் நின்றுவிடும் கால்கள்: ஸ்ரீரங்கத்து வீடுகளுக்கு வர வேண்டிய ஒரு சிகிச்சை

ஸ்ரீரங்கம் உத்திர வீதி, சித்திரை வீதியில் இருக்கும் பழைய வீடுகளைப் பார்த்திருப்பீங்க. திண்ணை, நிலைப்படி, தாண்டினால் குறுகலான ரேழி. பார்க்கின்சன், அதாவது நடுக்குவாதம் வந்த அப்பாவுக்கு அந்த வாசல்தான் சோதனை. நல்லா நடந்து வந்தவர், படி முன்னால் கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடுவார். பிடிவாதம் இல்லை. மூளையில் டோபமைன் குறைவதால் தானாக நடக்கும் அசைவுகள் தடுமாறுகின்றன. குறுகிய வாசலும் திரும்பும் இடமும் அதைக் கூட்டும்.

மாத்திரை அவசியம். ஆனால் சட்டை பட்டனை மாத்திரை போட்டுவிடாது. அங்கேதான் ஆக்குபேஷனல் தெரபி வருகிறது. தமிழில் 'தொழில்வழி சிகிச்சை' என்கிறோம். ஏதோ வேலைவாய்ப்புத் திட்டம் மாதிரி இருக்கு!

தெரபிஸ்ட் முதலில் கேட்பது, "எதைச் செய்ய முடியாமல் கஷ்டப்படுறீங்க?" என்றுதான். வாசல் தரையில் பளிச்சென்ற டேப்பைக் குறுக்குக் கோடுகளாக ஒட்டுவார். கோட்டைத் தாண்ட நினைக்கும்போது கால் நகரும். பட்டனுக்குப் பதில் வெல்க்ரோ, குளியலறையில் கைப்பிடி, டம்ளரில் பாதி காபி. மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் குளியல். கையெழுத்து சிறுத்து, பேங்கில் மாதிரியோடு பொருந்தவில்லையா? கோடு போட்ட தாளில் பெரிதாக எழுதும் பயிற்சி.

பலன் உண்டா? நெதர்லாந்தில் 191 பேரிடம் நடந்து 2014-ல் வெளியான ஆய்வில், வீட்டுக்கே போய் 10 வாரம் சிகிச்சை தந்தபோது, தங்களுக்கு முக்கியமான அன்றாட வேலைகளை முன்பைவிட நன்றாகச் செய்வதாக நோயாளிகள் சொன்னார்கள். 2016-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில், நோய் கடுமையாகாத 762 பேரில் பாதிப் பேருக்கு பிசியோதெரபியும் இதுவும் சேர்த்துத் தரப்பட்டன. சுமார் நான்கு அமர்வுகள்தான், பலன் தெரியவில்லை. பேருக்கு நாலு தடவை பார்த்துவிட்டுப் போனால் போதாது என்றே இதை நாம் படிக்கிறோம்.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் பார்க்கின்சன் இருக்கிறது. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பிசியோதெரபியை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. அதே வண்டியில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டும் வரட்டும். திருச்சி மாநகராட்சியின் ஸ்ரீரங்கம் பகுதியில் தொடங்கலாம். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்க, முதியவர்கள் தனியாக இருக்கும் வீடுகள் இங்கே நிறைய.

அதுவரை ஒன்று செய்யுங்க. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பா எங்கே நிற்கிறார், எந்த வேலையில் திணறுகிறார் என்று, அவரிடம் கேட்டுவிட்டு, போனில் வீடியோ எடுங்க. நரம்பியல் டாக்டரிடம் காட்டி, "ஆக்குபேஷனல் தெரபிக்கு எழுதித் தர முடியுமா?" என்று நீங்களே கேளுங்க.