அரிதாரத்திற்கும் அறிவு வேண்டும்

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது தமிழர் நாவில் நாள்தோறும் புரளும் பழமொழி. அந்த மறுபாதியை ஆக்குபவர் யார் என்று கேட்டால் மட்டும் விடை வருவதில்லை. திரைப்படம் பார்த்து வெளிவரும் கூட்டத்தில் நடிகர் பெயரை அறியாதார் இல்லை. இசையமைத்தவர் பெயரும் பாட்டெழுதியவர் பெயரும் பலருக்கு மனப்பாடம். உடை வகுத்தவர், முகம் ஒப்பனை செய்தவர் பெயர்களோ திரையில் தோன்றி மறைவதை எவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பார்வையாளரின் இந்த மறதியை மன்னித்துவிடலாம். அதுவே வீட்டிலும் வகுப்பறையிலும் ஏளனமாக மாறி, இளையோரின் கைத்திறனைக் கிள்ளி எறியும்போது மன்னிக்க இயலாது.

ஓவியத்தில் தேர்ந்த மாணவி ஒருத்தி, திரைப்படத்திற்கு ஆடை வடிவமைக்கும் கலையைப் பயில விரும்புவதாகச் சொன்னால், "தையற்கடை வைக்கவா இவ்வளவு படிப்பு?" என்கிறது வீடு. ஒப்பனை பயில விழையும் மாணவனிடம், "முகத்தில் மாவு பூசவா பள்ளிக்கு வந்தாய்?" என்கிறது பள்ளி. கேட்பவர்கள் கொடியவர்கள் அல்லர். பிள்ளையின் நலம் நாடுபவர்களே. ஆயினும் அவ்விரு கேள்விகளும் அறியாமையில் பிறந்தவை.

ஆடை வடிவமைப்பாளரின் பணி கதையைப் படிப்பதில் தொடங்குகிறது. எந்த ஆண்டு, எந்த ஊர், எந்தத் தொழில், எத்தனை நாள் உழைத்துக் களைத்த உடல் என்று காட்சி காட்சியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். படப்பிடிப்புக் கதையின் வரிசையில் நடப்பதில்லை. முடிவுக் காட்சி முதல் நாளில் எடுக்கப்படலாம். அன்று கிழிந்திருந்த சட்டை, பின்னர் எடுக்கப்படும் முன்காட்சியில் கிழியாமல் இருக்க வேண்டும். மழையிலும் சண்டையிலும் பாழாகும் ஓர் உடைக்குப் பல படிகள் தைத்து வைக்க வேண்டும். புதுத் துணியைத் தேயிலைச் சாயத்தில் தோய்த்தும் உப்புத்தாளால் தேய்த்தும் பத்தாண்டு உழைத்த துணியாக்குவதும் இப்பணியே. தையல் இதில் ஒரு கூறு மட்டுமே.

ஒப்பனையும் அத்தகையதே. ஓர் இளைஞனைக் கிழவனாக்க, முதலில் அவன் முகத்தை அச்செடுத்து, அதன்மேல் களிமண்ணால் சுருக்கங்களை வனைந்து, மீண்டும் அச்செடுத்து, நுரை ரப்பரையோ சிலிகோனையோ வார்த்து, தோலோடு தோலாக ஒட்டி வண்ணம் தீட்ட வேண்டும். எலும்பும் தசையும் அறியாதவர் கையில் அது முகமூடியாகத்தான் முடியும். அந்த நுரை ரப்பருக்கு மூலப்பொருள் இயற்கை ரப்பர்ப் பால். மலாயாத் தோட்டங்களில் தமிழர் தலைமுறை தலைமுறையாகச் சீவி இறக்கிய அதே மரத்துப் பால்! பாலை இறக்கியவரின் பேரப்பிள்ளைகள் அதனைக் கொண்டு முகம் வனையும் கலையைக் கற்பது எவ்வகையில் இழிவாகும்?

இந்தியர் ஒருவர் பெற்ற முதல் ஆஸ்கார் விருது நடிப்பிற்கோ இசைக்கோ கிடைத்ததன்று. ஆடை வடிவமைப்பிற்குக் கிடைத்தது. 1982ஆம் ஆண்டு வெளிவந்த 'காந்தி' படத்திற்காகப் பானு அத்தையா, ஜான் மொல்லோவுடன் அவ்விருதை 1983இல் பகிர்ந்துகொண்டார். மும்பையில் ஓவியம் பயின்ற பெண்மணி அவர். தென்னாப்பிரிக்காவில் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து நின்ற வழக்கறிஞர், அரையாடை உடுத்த அடிகளாக மாறும் வரலாறு அப்படத்தில் உடைகளின் வழியாகவே கண்முன் விரிகிறது. அந்த அரையாடையைக் காந்தியடிகள் ஏற்ற இடம் மதுரை, ஆண்டு 1921. ஒரு மனிதர் உடை மாற்றிக்கொண்டது ஒரு நாட்டின் வரலாற்று நிகழ்ச்சியானது தமிழ் மண்ணில்! அதனைப் பாடமாக நடத்தும் ஆசிரியர், உடையை வெறும் அலங்காரம் என்று சொல்லத் துணியலாமா?

இத்தொழிலுக்குத் தமிழ் அறிவும் தேவை. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில், 10 வகைத் துவர்களும் 5 வகை விரைகளும் 32 வகை ஓமாலிகைப் பொருள்களும் ஊறிய நீரில் மாதவி நீராடுகிறாள். பின் கால்விரல் தொடங்கித் தலைவரை அவள் அணியும் அணிகளை இளங்கோவடிகள் ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுகிறார். தேர்வுக்காக மனனம் செய்யப்படும் அப்பகுதி ஓர் ஒப்பனைக் கலைஞருக்குக் கைந்நூல். ஆனால் பள்ளி மேடைகளில் நிகழ்வது என்ன? பாண்டியன் மினுமினுக்கும் சாட்டின் அங்கியில் வருகிறான். கணவனை இழந்து நீதி கேட்க வரும் கண்ணகியோ மணப்பெண்போல் பட்டுடுத்தி, ஒரு மயிரும் கலையாமல் நிற்கிறாள். அவிழ்ந்த கூந்தலும் புழுதி படிந்த மேனியுமாக அவள் வந்தாள் என்று காப்பியம் கூறுகிறது. அப்பாடத்தை வகுப்பில் நடத்தியவரே அந்த மேடைக்கும் பொறுப்பாளர்!

கற்றவர் விலகி நின்றால் கல்லாமை வந்து அமரும். தமிழ்த் திரையில் நெடுங்காலம் ஒப்பனை என்றால் வெளுப்பாக்குதல் என்றே பொருளாயிற்று. கறுத்த முகங்களுக்கு வெள்ளைப் பூச்சுப் பூசினர். சிவந்த நடிகைக்குக் கருமை பூசி, இவள்தான் சிற்றூர்ப் பெண் என்றும் காட்டினர். தன் நிறத்தைத் திரையில் காணாத மாணவி கண்ணாடி முன் நின்று குறைபட்டுக்கொண்டால் அப்பழி யாரைச் சேரும்? நுண்ணொப்பனைக்கு வெளிநாட்டுக் கைகளை நாட வேண்டிய நிலையும் இருந்தது. 1996இல் வெளிவந்த 'இந்தியன்', 'அவ்வை சண்முகி' படங்களுக்கும், கமல்ஹாசன் பத்து வேடங்கள் ஏற்ற 2008ஆம் ஆண்டின் 'தசாவதாரம்' படத்திற்கும் அமெரிக்காவின் மைக்கேல் வெஸ்ட்மோர் வரவழைக்கப்பட்டார். வல்லாரை அழைப்பதில் தவறில்லை. வல்லாரை வளர்க்காமல் இருப்பதே தவறு.

அறிவோடு அணுகியபோது என்ன விளைந்தது என்பதற்கும் சான்றுண்டு. தேயிலைத் தோட்டத்தில் சிறைப்பட்ட கூலிமக்களின் கதையைச் சொல்லி 2013இல் வெளிவந்த 'பரதேசி' படத்திற்காகப் பூர்ணிமா ராமசாமி ஆடை வடிவமைப்பிற்கான தேசிய விருது பெற்றார். பட்டுக்கும் பொன்னுக்கும் அன்றி, ஏழையின் முரட்டுத் துணிக்குக் கிடைத்த விருது அது. மலேசியத் தமிழனைக் களமாகக் கொண்ட 'கபாலி' 2016இல் வந்தது. அதில் நாயகன் அணியும் கோட்டு ஓர் அரசியல் வாதம் என்பதைப் படத்தின் உரையாடலே சொல்கிறது.

மலேசியத் தோட்டத் தமிழரின் உடை வரலாறு இன்னும் எழுதப்பட வேண்டியது. விடியுமுன் தலையில் விளக்குக் கட்டி, கொசுவுக்கு அஞ்சி நீண்ட கைச்சட்டை மாட்டி, மரத்துப் பால் பட்டுப் பட்டுக் கறுத்து விறைத்த துணியோடு நிரையில் நடந்த பாட்டியின் கோலத்தை அறிந்தவர் குறைந்து வருகின்றனர். அத்துணிகள் எரிக்கப்பட்டுவிட்டன, நிழற்படங்கள் செல்லரிக்கின்றன. நாளை அக்கதையைப் படமாக்க வருபவர், பாட்டிக்குப் புதுச் சேலை கட்டிப் பூ வைத்து நிறுத்தினால், தவறென்று சொல்ல எவர் இருப்பார்?

நிலையற்ற தொழில் என்பது பெற்றோரின் அச்சம். அதில் உண்மை உண்டு. படப்பிடிப்பு முடிந்தால் வேலையும் முடியும், ஊதியம் தாமதமாகலாம், எல்லாருக்கும் முன் வந்து எல்லாருக்கும் பின் செல்ல வேண்டும். ஆனால் கற்ற கை ஒரு வாயிலை மட்டும் நம்பியிருப்பதில்லை. தொலைக்காட்சி நாடகம், மேடை, பரத அரங்கேற்றம், விளம்பரம், அருங்காட்சியகம் எனப் பல வாயில்கள் உள்ளன.

பெண்ணுக்கு ஏற்ற தொழில் அன்று என்பது மற்றொரு தடை. மும்பைத் திரையுலகில் ஒப்பனைக் கலைஞர் சங்கம் பெண்களைச் சிகை அலங்காரத்திற்கு மட்டுமே சேர்த்து, முக ஒப்பனைக்கு உறுப்புரிமை மறுத்து வந்தது. சாரு குரானா என்பவர் வழக்குத் தொடுத்தார். 2014 நவம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் அத்தடை சட்டத்திற்கு முரணானது என்று தீர்த்தது. நீதிமன்றம் திறந்துவிட்ட கதவை வீடுகள் சாத்தி வைத்திருப்பது முறையாகுமா?

தமிழாசிரியர் செய்ய வேண்டியது பெரிதன்று. அடுத்த பள்ளி நாடகத்தில் உடைக்கும் ஒப்பனைக்கும் பொறுப்பேற்கும் மாணவர்கள் மூலநூலைப் படித்து, ஏன் இந்த உடை என்று எழுதித் தர வேண்டும் எனப் பணிக்கலாம். தோட்டத்தில் வாழ்ந்த முதியோரிடம் சென்று அக்கால உடையைக் கேட்டு வரையச் செய்யலாம். நிகழ்ச்சி நிரலில் நடித்தவர் பெயரோடு உடை வகுத்தவர் பெயரையும் அச்சிடலாம். மேடையில் புழுதி படிந்த கண்ணகி ஒருத்தி வந்து நிற்கட்டும். அவளை அவ்வாறு ஆக்கிய மாணவியிடம், "தையற்கடை வைக்கவா?" என்று கேட்கும் துணிவு அதன்பின் எவருக்கும் வாராது.