மூக்குக்கு ஓர் உத்தியோகம்

"பெண் என்ன வேலை பார்க்கிறாள்?" என்று யாராவது கேட்டால் போதும், என் அண்ணனுக்கு உடனே இருமல் வந்துவிடும். இருமி முடித்து, "லண்டனில் ஏதோ ரசாயனப் பரிசோதனை" என்பார். அதற்குள் அண்ணி, காப்பி கொண்டுவருகிற சாக்கில் உள்ளே போய்விடுவாள். மூன்று வருஷமாக நானும் அந்த இருமலுக்கு உடந்தையாக இருந்தவள்தான். இந்த வாரம் உங்களிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அண்ணனின் பெண் ஒரு சின்ன பீர் ஆலையில் இருக்கிறாள். அங்கே தயாராகும் பீரை முகர்ந்து, ருசி பார்த்து, மதிப்பெண் போடுவதுதான் அவளுடைய உத்தியோகம்!

என்ன, பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விடலாமா என்று பார்க்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். முகத்தைச் சுளிப்பதில் உங்களுக்கு நான் குறைந்தவள் அல்ல. சென்ற ஆண்டு லண்டனுக்குப் போய் அவளோடு ஒரு மாதம் தங்கியபோது, "வந்து பாருங்கள், அத்தை. பார்த்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்" என்று ஒருநாள் என்னை ஆலைக்கு அழைத்துக்கொண்டு போனாள். புறப்படும்போதே முதல் கட்டளை பிறந்தது: "சென்ட் பூசிக்கொள்ளக் கூடாது, தலையில் மல்லிகை வாசனை எண்ணெய் கூடாது." அவளும் உதட்டுச் சாயம் பூசவில்லை. சாயத்தில் உள்ள எண்ணெய்ப் பசை கிளாஸில் பட்டால் நுரை அடங்கிவிடுமாம். ஒரு மணி நேரமாகக் காப்பிகூடக் குடிக்கவில்லை. பெண் பார்க்க வருகிறவர்களுக்காகக்கூட அவள் இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்ததில்லை!

அன்றைக்குப் பரீட்சைக்கு வந்தது 'இம்பீரியல் ஸ்டவுட்' என்ற கறுப்பு பீர். நம் வீடுகளில் கஞ்சி போடுகிறோமே, அதே பார்லிதான் மூலப்பொருள். அதை முளைகட்டி உலர்த்தி, ஒரு பகுதியைக் காப்பிக்கொட்டை மாதிரி கருகக் கருக வறுக்கிறார்கள். இதற்கென்றே உருளை வடிவில் ஒரு வறுக்கும் இயந்திரத்தைச் செய்து, டேனியல் வீலர் என்ற ஆங்கிலேயர் 1817-ல் காப்புரிமை வாங்கியிருக்கிறார். சாதாரண பீரில் சாராயச் சத்து நூற்றுக்கு 4, 5 பங்கு என்றால், இதில் 8 முதல் 12 பங்கு வரை. ஆசாமி கொஞ்சம் முரடு!

மேஜையைச் சுற்றி மூன்று பேர் உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஒரு காகிதம், ஒரு பென்சில், ஒரு டம்ளர் தண்ணீர், உப்பு உறைப்பு இல்லாத வெறும் ரொட்டித் துண்டுகள். ரொட்டி பசிக்கு அல்ல; ஒரு ருசிக்கும் அடுத்த ருசிக்கும் இடையில் நாக்கைத் துடைத்துவிட. பீரை ஐஸில் வைத்துச் சில்லென்று தரவில்லை. 12 டிகிரி சுமாருக்குத்தான் வைத்திருந்தார்கள். அதிகம் குளிர்ந்தால் வாசனை உறங்கிவிடும், குற்றமும் மறைந்துவிடும் என்றாள் அண்ணன் பெண். ஆறிப்போன ரசத்தில் பெருங்காயம் சரியாக இருக்கிறதா என்று நம்மால் சொல்ல முடியுமா? அதே நியாயம்தான்.

ஊற்றியது இரண்டு வாய் அளவு. முதலில் மூக்கு. கிளாஸின் வாயை உள்ளங்கையால் மூடி, மெதுவாகச் சுழற்றி, கையை எடுத்துச் சின்னச் சின்னதாக இரண்டு மூச்சு. உடனே எழுதிவிட வேண்டும். அப்புறம் கண். கிளாஸை வெளிச்சத்தில் பிடித்தால் நடுவில் மை மாதிரி கறுப்பு, ஓரத்தில் மட்டும் மாதுளை நிறத்தில் ஒரு கீற்று. மேலே டிகிரி காப்பி நுரையைப் போன்ற பழுப்பு நுரை. அதற்குப் பிறகுதான் வாய். வறுத்த காப்பி, இனிப்பில்லாத சாக்லேட், பேரீச்சம்பழம், கடைசியில் ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பு என்று ஒவ்வொன்றாக வரும். உள்ளே இறங்கும்போது சுக்குக் கஷாயம் மாதிரி இதமான சூடு இருக்கலாம். தொண்டையை எரித்தால் குற்றம்.

மதிப்பெண்ணுக்கும் ஒரு கணக்கு உண்டு. மொத்தம் 50. வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, ருசிக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. பார்த்தீர்களா, சகோதரிகளே? அழகுக்கு மூன்றே மூன்று மார்க்! இந்தக் கணக்கை நம் கல்யாணத் தரகர்களுக்கும் யாராவது சொல்லிக் கொடுத்தால் தேவலை.

இன்னொரு சட்டம் எனக்கு ரொம்பப் பிடித்தது. எல்லோரும் எழுதி முடிக்கும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. முகத்தைக்கூடக் கோணக் கூடாது. ஒருவர் "ஆஹா" என்றால் அடுத்தவர் நாக்கும் "ஆஹா" என்றுவிடுமாம்.

அவர்கள் எழுதி முடித்ததும் அண்ணன் பெண் என் முன்னால் மூன்று கிண்ணங்களை வைத்தாள். "குடிக்க வேண்டாம், அத்தை. மூக்கை மட்டும் கொஞ்சம் கடன் கொடுங்கள். இதில் இரண்டு ஒரே பீப்பாயிலிருந்து எடுத்தவை, ஒன்று வேறு பீப்பாய். எது வேறு என்று சொல்லுங்கள்" என்றாள். இது 1940-களில் டென்மார்க்கில் கார்ல்ஸ்பெர்க் ஆலையில் கையாண்ட முறையாம். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு தடவை சரியாகிவிடும் என்பதால், பலரைக் கேட்டுத்தான் முடிவு கட்டுவார்கள்.

முகர்ந்தேன். முதல் கிண்ணம் காப்பி, கருகல், வெல்லப்பாகு. இரண்டாவதும் அதேதான். மூன்றாவதில் காப்பிக்குப் பின்னால் ஏதோ மூக்கு நுனியில் சுருக்கென்றது. புளித்த இட்லி மாவின் புளிப்பு அல்ல. அது சாதுவான புளிப்பு. இது குத்துகிற புளிப்பு. "இதில் காடி வாடை அடிக்கிறதே!" என்றேன்.

அவள் தன் காகிதத்தைத் திருப்பிக் காட்டினாள். அந்தப் பீப்பாய்க்கு அவள் போட்டிருந்தது 50-க்கு 18. மற்ற இருவரும் ஏறக்குறைய அதையேதான் போட்டிருந்தார்கள். பீப்பாய்க்குள் காற்று புகுந்து, அதோடு ஒரு கிருமி வளர்ந்து, சாராயத்தைக் காடியாக மாற்றத் தொடங்கியிருக்கிறது.

இங்கேதான் விஷயம் கனத்துப் போயிற்று. 200 லிட்டர் சுமார் கொள்ளும் ஓக் மரப் பீப்பாய் அது. ஒன்பது மாதம் காத்திருந்து, லேபிள்கூட அச்சடித்து வைத்துவிட்டார்கள். ஆலையின் முதலாளி வந்தார். கடன் வாங்கித் தொழில் நடத்துகிற இளைஞர். "மற்றப் பீப்பாய்களோடு கலந்துவிடலாமே? இந்தக் கருகல் வாசனையில் யாருக்குத் தெரியப் போகிறது?" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பாவம். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அண்ணன் பெண் குரலை உயர்த்தவில்லை. "கலந்தால் இந்தக் கிருமி நல்ல பீப்பாய்களுக்கும் போகும். ஒன்று போவது நாலு போகும். இந்தக் காகிதத்தில் என் கையெழுத்து இருக்கிறது; மாற்ற மாட்டேன்" என்றாள். வேலை போய்விடுமோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் பதில் சொல்லாமல் போய்விட்டார். மறுநாள் அந்தப் பீப்பாயைத் தாமே கவிழ்த்துக் கொட்டினாராம். இரண்டு நாள் இவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அடுத்த கிளாஸை நீட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை ஸதக் பகுதியில் தேம்ஸ் நதிக்கரையோரம் நடந்தோம். ஆங்கர் என்ற பிரம்மாண்டமான பீர் ஆலை ஒரு காலத்தில் அங்கேதான் இருந்ததாம்; இன்று இல்லை. அதன் முதலாளி ஹென்றி த்ரேல், பார்லியும் ஹாப்ஸும் இல்லாமலே பீர் செய்து காட்டுகிறேன் என்ற ஒருவரின் பேச்சை நம்பினார். 1772-ல் சரக்குக் கெட்டு, ஆலையே மூழ்கும் நிலை. அப்போது கர்ப்பிணியாக இருந்த அவர் மனைவி ஹெஸ்டர், தம் தாயாரின் சேமிப்பான 3,000 பவுனை வாங்கி, தெரிந்தவர்களிடம் கடனும் திரட்டித் தொழிலைக் காப்பாற்றினார். கணவர் காலமான 1781-ல் அதே ஆலை 1,35,000 பவுனுக்கு விலை போயிற்று. ரஷ்யச் சக்கரவர்த்தினிக்கென்று அங்கே தயாரித்த கறுப்பு பீர் ஏழு வருஷம் கெடாது என்று கேள்விப்பட்டதை, 1796-ல் ஓர் ஓவியர் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். 'இம்பீரியல்' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டதும் அந்த ரஷ்ய அரண்மனை உறவால்தான்.

"முதல் வாயிலேயே யாராவது துணிந்து 'இது சரியில்லை' என்று சொல்லியிருந்தால், அந்த அம்மாள் தாயாரிடம் கை நீட்டியிருக்க வேண்டாம், இல்லையா அத்தை?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. மூன்று வருஷமாக ஒரு சின்ன உண்மையைச் சொல்ல மாட்டாமல் இருமிக்கொண்டிருந்தது நாங்கள்தானே?

நான் இன்னும் அந்தப் பானத்தைத் தொட்டதில்லை, தொடவும் போவதில்லை. குடி கெடுத்த குடும்பங்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த மேஜையில் நான் பார்த்தது குடி அல்ல. நாக்கு சொன்னதைக் கை அப்படியே எழுதுகிற நேர்மை. அதை மறைக்க நமக்கு என்ன வந்தது?

ஊர் திரும்பியதும் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. போன மாதம் உறவில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலை அம்மாள் கேட்டேவிட்டாள்: "உங்கள் பெண் என்ன வேலை பார்க்கிறாள்?"

அண்ணனுக்கு இருமல் கிளம்பியது. என்னைப் பார்த்தார். ஒரு வாய் தண்ணீர் குடித்தார். "பீர் ஆலையில் ருசி பார்த்து மார்க் போடுகிறாள். அவள் சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் பாட்டில் வெளியே வரும்" என்றார், கொஞ்சம் உரக்கவே.

அம்மாள் சிறிது நேரம் யோசித்தாள். பிறகு இலையிலிருந்த ரசத்தை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "இங்கேயும் அப்படி ஒருத்தரை வைத்திருக்கலாம்!" என்றாள்.