கூன் முதுகை வயதின் கணக்கில் எழுதாதீர்

புதுச்சேரியில் ரெட்டியார்பாளையம் வழியே செல்லும் விழுப்புரம் சாலையைக் கடப்பது இளைஞர்களுக்கே எளிதல்ல. நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் நடப்பவர் 15 மீட்டர் அகலச் சாலையைப் பன்னிரண்டரை நொடியில் கடந்துவிடுவார். முதுகு வளைந்து, 0.8 மீட்டர் வேகத்தில் நடக்கும் மூதாட்டிக்கு ஏறக்குறைய 19 நொடி வேண்டும். காய்கறி வாங்கத் தனியாகப் போவதா, பிள்ளைகள் வரும்வரை காத்திருப்பதா என்பதை அந்தச் சில நொடிகளே முடிவு செய்துவிடுகின்றன.

"வயசானா கூன் விழத்தானே செய்யும்" என்று வீட்டில் சொல்லிவிடுகிறோம். மருத்துவம் அப்படிச் சொல்லவில்லை. மேல்முதுகின் இயல்பான வளைவு 20 முதல் 40 பாகை வரை. அதைத் தாண்டிய பெண்களுக்கு நடை தளர்கிறது, நாற்காலியிலிருந்து எழுவது கடினமாகிறது, நுரையீரல் விரிய இடம் குறைகிறது, விழும் ஆபத்தும் கூடுகிறது. மாதவிடாய் நின்றபின் எலும்பு அடர்த்தி குறைவதால் முதுகெலும்புகள் சத்தமில்லாமல் நொறுங்குவது ஒரு காரணம். இப்படிப்பட்ட முறிவுகளில் மூன்றில் இரண்டு பங்கு மருத்துவரின் கவனத்துக்கே வருவதில்லை. வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்ப்பதோடு முடிந்துவிடுகின்றன. அதேசமயம், கூன் விழுந்த பலருக்கு முறிவே இருப்பதில்லை. முதுகுத் தசைகள் வலுவிழப்பதும் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் தேய்வதுமே காரணம். தசையை எந்த வயதிலும் வலுப்படுத்தலாம்.

பயிற்சியால் என்ன பயன் என்று கேட்போர் உண்டு. 60 வயது கடந்தவர்களிடம் அமெரிக்காவில் நடந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில், ஆறு மாதக் குழுப் பயிற்சி வளைவைச் சுமார் மூன்று பாகை குறைத்தது. ஆனால் நடைவேகம் குறிப்பிடும்படி கூடவில்லை. இதைக் காட்டிப் பயிற்சியே வீண் என்பது தவறு. முதுகை மட்டும் நிமிர்த்தினால் போதாது, கால் வலுவுக்கும் சமநிலைக்கும் சேர்த்தே பயிற்சி தர வேண்டும் என்பதே இதன் பாடம். கால் வலுவும் சமநிலையும் கூடினால் விழுவது குறையும் என்பது பல ஆய்வுகளில் உறுதியான செய்தி.

புதுச்சேரியில் மருத்துவமனைகளுக்குப் பஞ்சமில்லை. கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது, கதிர்காமத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் பஸ் படியேறவே திணறுபவர் வாரந்தோறும் பயிற்சிக்காக அங்கே போய்வர முடியுமா? 70 வயது கடந்தவர்களுக்கான மத்திய அரசின் வய வந்தனா அட்டை ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. அதுவும் உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான். தமிழ்நாடோ, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபியை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது.

புதுச்சேரி அரசு மூன்று காரியங்களை உடனே செய்யலாம். முதலாவது, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் 60 வயது கடந்த பெண்களின் உயரத்தை ஆண்டுதோறும் அளப்பது. சுவரோடு சாய்ந்து நின்றால் பின்தலை சுவரில் படுகிறதா என்றும் பார்க்க வேண்டும். இளமையில் இருந்ததைவிட நான்கு சென்டிமீட்டர் குறைந்திருந்தால் எக்ஸ்ரேயும் எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் தேவை.

இரண்டாவது, வார்டுதோறும் வாராந்திரப் பயிற்சி. ஆண்டுதோறும் ஜனவரியில் பன்னாட்டு யோகா விழா நடத்தும் அரசுக்கு இது பெரிய வேலையல்ல. ஆனால் எலும்பு பலவீனமானவர்களுக்கு முன்னால் குனியும் ஆசனங்கள் முறிவையே உண்டாக்கக்கூடும். எனவே பயிற்சியை பிசியோதெரபிஸ்ட்தான் வடிவமைக்க வேண்டும். மூன்றாவது, விழுப்புரம் சாலையில் நடைபாதையை நடப்பவர்களுக்கே விட்டுவைத்து, முதியோரின் நடைவேகத்துக்கு ஏற்பக் கடக்கும் நேரத்தை ஒதுக்குவது.

இடுப்பெலும்பு முறிந்தபின் லட்சக்கணக்கில் செலவிட அரசுப் பணம் இருக்கிறது. முறியாமல் காக்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டை நியமிக்கவும் பணம் இருக்க வேண்டும். வரும் பட்ஜெட்டிலேயே அதற்கு நிதி ஒதுக்கட்டும்.